பின் அச்சில் கிடந்த மரத்தூள்

பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் புதிதாக ஒரு வண்டி வாங்கியிருக்கிறார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மலை ஏறும், மணலில் ஓடும், ஆற்றைக் கடக்கும் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அது. அவர் அதில் பால் பாக்கெட் வாங்கப் போகிறார்.

போன வாரம் அவர் முகம் வாடியிருந்தது. "சார், அடியில ஒரு சத்தம். ஊ...ன்னு யாரோ அழுகிற மாதிரி. நீங்க அந்தக் காலத்து ஜீப் ஓட்டினவராச்சே, ஒரு ரவுண்ட் வாங்களேன்" என்றார்.

ஏறினேன். பார்வதிபுரம் தாண்டியதும் கேட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அழுகை. காலை எடுத்தால் மௌனம். மறுபடி மிதித்தால் மறுபடி அழுகை.

எனக்கு அது தெரிந்த அழுகை. எண்பது தாண்டியவனுக்கு ஆயிரம் விஷயம் மறந்துபோயிருக்கும்... இது அதில் சேராது. "சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதிலுக்கு மேல் தலை நீட்டினார். "சார்! சத்தம் நின்னுட்டு!"

"என்ன செஞ்சாங்க?"

"அது நான் கேக்கல சார். நின்னுட்டுல்லா? அது போதும்."

சத்தம் போய்விட்டது, சரி. பழுது போயிற்றா? கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய சர்வீஸ்காரர்கள் யோக்கியர்களாகத்தான் இருப்பார்கள். பழுதை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் அடக்கி, ஒரு வண்டியை ஒருவன் தலையில் கட்டியவன் நான். அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரு பயம்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், என் அசட்டுத்தனங்களையெல்லாம் நானே வேடிக்கையாக எழுதிவிடுகிறவன். இதை மட்டும் இத்தனை வருடம் எழுதவில்லை. வேடிக்கையாக எழுத வரவில்லை, அதுதான் காரணம்.

யுத்தம் முடிந்து பட்டாளத்து ஜீப்புகள் ஏலத்துக்கு வந்த காலம். என் தாய்மாமா பேச்சிப்பாறைப் பக்கம் மலைரோடு போடுகிற கான்ட்ராக்டர். ஒரு ஜீப்பை எடுத்தார். சில வருடம் அதைக் கல்லிலும் சரளையிலும் ஓட்டினார். பிறகு கான்ட்ராக்டும் வேண்டாம், மலைக்காய்ச்சலும் வேண்டாம் என்று ஊர் திரும்பியபோது, ஜீப்பை எனக்குத் தந்தார். நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போடுவதையே வேலையாக வைத்திருந்தேன்.

அந்த ஜீப்பை நினைத்தால் இப்போதும் மனசு துள்ளுகிறது. கதவு கிடையாது. மேலே கித்தான் கூரை. முன்கண்ணாடியை மடக்கிப் போட்டுவிடலாம். காற்று முகத்தில் அறையும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள்: ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், மற்றதைத் தள்ளினால் யானை மாதிரி மெதுவாக, ஆனால் எதையும் இழுத்துக்கொண்டு போகும். தக்கலைச் சந்தியில் நிறுத்தினால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். பத்மநாபபுரம் கோட்டைக்குள் போனால் அதன் உறுமல் மதிலில் மோதி, இன்னொரு ஜீப் எதிரே வருவதுபோல் திரும்பி வரும். அதற்காகவே போவேன். பெட்ரோல் இருக்கிற நாளில் நான் ராஜா. இல்லாத நாளில் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ராஜா.

ராஜாங்கம் அப்பாவின் வயலில் முடிந்தது.

அந்த வருடம் கன்னிப்பூ என்கிற முதல்போக நடவுக்கு முன்னால், எங்கள் உழவுமாடுகள் இரண்டும் கோமாரி வந்து செத்துப்போய்விட்டன. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லா வயலிலும் ஏர் இறங்கிவிட்டது. எங்கள் வயல் மட்டும் சும்மா கிடந்தது.

"ஜீப் இருக்கேப்பா" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜீப்பு உழுமால?"

"நாலு சக்கரமும் இழுக்கும்ப்பா."

"மாட்டுக்கும் நாலு காலுதான். அதுக்குக் கால எங்க வைக்கணும்னு தெரியும்."

நான் கேட்கவில்லை. ஜீப்பின் பின்னால் ஏரைக் கட்டி வயலுக்குள் இறக்கினேன். வரப்பெல்லாம் ஆட்கள். "ஏ, வாங்க, பி.ஏ. உழுகான்!" என்று ஒருவன் அடுத்த வயலுக்குக் குரல் கொடுத்தான். பத்தடி போயிருப்பேன். நான்கு சக்கரமும் இழுத்தன, உண்மைதான். கீழ்நோக்கி இழுத்தன. அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்தது வண்டி. நான் மிதிக்க மிதிக்க, இன்னும் வசதியாக உட்கார்ந்தது. கடைசியில் பக்கத்து வயல்காரரின் மாடுகளைக் கட்டித்தான் ஜீப்பை வெளியே இழுத்தார்கள். அந்த மாடுகள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... விடுங்கள்.

கழுவித் துடைத்துவிட்டேன். சேறு போயிற்று என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் சத்தம் தொடங்கியது.

மிதித்தால் ஊ... காலை எடுத்தால் மௌனம்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்த அந்த நாட்கள் என் வாலிபத்திலேயே சந்தோஷமான நாட்கள். யாரும் சொல்லித்தரவில்லை, நானே யோசித்தேன். இறக்கத்தில் கியரை விடுவித்து, இன்ஜினை நிறுத்தி உருளவிட்டேன். இன்ஜின் இரைச்சல் அடங்கியதும், அதுவரை கேட்காத லேசான முனகல் ஒன்று கேட்டது. ஆக, இன்ஜினும் இல்லை, கியர் பெட்டியும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. முன்னச்சா, பின்னச்சா? இங்கேதான் நான்கு சக்கர வண்டியின் சௌகரியம். இன்ஜினிலிருந்து பின்னச்சுக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குட்டிக் கம்பியைத் தள்ளி, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்க ஓட்டிப் பார்த்தேன். சாதாரண காரில் இது நடக்குமா? தண்டைக் கழற்றினால் கார் நின்ற இடத்தில் நிற்கும்.

ஜீப் ஓடியது. சத்தம் இல்லை! சுங்கான்கடை ரோட்டில் தன்னந்தனியாகக் கத்தினேன். பின்னச்சு! பின்னச்சுதான்!

மூடியைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில், பால் அதிகமாக விட்ட சாயா மாதிரி ஒரு குழம்பு. வயல்தண்ணீர் அச்சுக்குள் போயிருக்கிறது. தண்டின் நுனியில் இருக்கிற சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுழற்றுகிற பெரிய பல்சக்கரம் கிரவுன். பினியனைத் தாங்குகிற பேரிங் குழிகுழியாக அரித்திருந்தது. பல்லின் ஓரங்கள் உதிர்ந்திருந்தன. பழுது என் கையில், கண்முன்னால். அதைவிடத் தெளிவாக எந்தப் பழுதும் மனிதனுக்குக் காட்சி தராது.

மாற்றுவதற்குச் சாமான்தான் இல்லை. தேடினால் கிடைத்திருக்கும், அதற்கு நாளாகும், அலைய வேண்டும். வயல் சும்மா கிடக்கிறது. அப்பா என்னோடு பேசுவதில்லை.

தக்கலையில் ஒரு சாயாக்கடை. என் சங்கடத்தைக் கேட்டுவிட்டு ஒரு லாரி டிரைவர் சிரித்தார்.

"மரத்தூளப் போடும் தம்பி. அறுப்பு மில்லுல கிடைக்கும். நைசா சலிச்சு, ஆமணக்கெண்ணெயில கொழச்சு உள்ள அடைச்சிரும். சிலவன் மட்டி வாழப்பழத் தோலும் போடுவான். நாத்தம் வரும், வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வண்டி வாயத் திறக்காது. அதுக்குள்ள வித்திரணும்."

"வாங்குகவன்?"

"அவனும் ஒரு சாயாக்கடைக்கு வருவாம்லா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

விற்கிற எண்ணம் அப்போது எனக்கு இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இருந்தது. போகிற வழியிலேயே மில்லில் மரத்தூள் வாங்கினேன்; அன்று ராத்திரியே அடைத்தேன், சத்தம் நின்றது.

வைகுண்டமணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பள்ளியில் ஒரே பெஞ்சு. இராஜாக்கமங்கலத்துக்காரன். சாமியை அய்யா என்று கும்பிடுகிற அய்யாவழிக் குடும்பம், நெற்றியில் தீபச்சுடர்போல் வெள்ளை நாமம் இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாட்டுவண்டி ஓட்டினான். கடற்கரையில் வலை ஏறியதும் மீன் கூடைகளை ஏற்றி வடசேரிச் சந்தைக்குக் கொண்டுவருவான். மாடு நடந்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் சாளை மீனுக்கு விலை இல்லை. லாரியோ மணலில் இறங்காது. மணலில் இறங்குகிற, வேகமாகவும் ஓடுகிற ஒன்று கிடைத்தால் அந்தக் கரை முழுக்க அவனுக்குத்தான். அப்படி ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

"மக்கா, இத எனக்குத் தந்திரேன். மாடு ரெண்டையும் வண்டியோட நீ எடுத்துக்கோ. ஒங்க அப்பாவுக்கு உழவும் ஆச்சு, எனக்குக் கடப்பொறத்து மீனும் ஆச்சு" என்று அவனாகக் கேட்டான். நான் அவனைத் தேடிப் போகவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அதுவும் ஆறுதல் இல்லை.

மாற்றிக் கொடுக்க மாட்டுத்தரகர் பூதலிங்கம் அண்ணாச்சி வந்தார். எங்கள் பக்கம் மாட்டு வியாபாரத்தில் ஒரு வழக்கம். பேச்சு முடிந்ததும் சும்மா பிடித்துக்கொண்டு போய்விட முடியாது. கொடுக்கிறவன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மாட்டின் குற்றத்தைப் பலபேர் கேட்கச் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் கயிறு மாறும். கயிறு மாறிவிட்டால் மாடு திரும்பாது.

அண்ணாச்சி ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கயிறு இல்லாத உருப்படிய எப்பிடி மாத்த? சவம், பல்லு பாக்கதுக்கும் வாயில்லியே!" பிறகு ஒரு தேங்காய்நார்ச் சவுரிக்கயிற்றை வாங்கி ஜீப்பின் முன்கம்பியில் கட்டி, நுனியை என் கையில் தந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மணி முதலில் சொன்னான். இடது மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான். "இவன் பாலத்துல கால வைக்க மாட்டான். எத்தன அடிச்சாலும் மாட்டான். துண்டால கண்ணப் பொத்திக் கூட்டிட்டுப் போனா வருவான். வலத்தவனுக்கு ஒண்ணும் இல்ல. இவ்வளவுதான்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "பி.ஏ. தம்பி, ஒமக்க வண்டிக்குக் குற்றம் ஏதும் உண்டா? இருந்தாச் சொல்லிரும்."

"அண்ணாச்சி, அவன்ட்ட என்னத்தக் கேக்கியோ? அவன் எனக்கு மறைப்பானா?" என்றான் மணி.

என் கையில் கயிறு இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

பின்னச்சு போயிருக்கிறது, மக்கா... மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தைக்கு அவன் "அதுக்கென்ன, சரி பண்ணிக்கிடலாம்" என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கு இன்று அது நிச்சயமாகத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருந்ததோ என்னவோ.

அப்பாவின் வயல் உழுதாயிற்று. இடது மாடு பாலத்தில் நின்றால் துண்டால் கண்ணைப் பொத்தினோம்; வந்தது. ஒருநாளும் தொந்தரவு இல்லை. சொல்லப்பட்ட குற்றத்தோடு குடும்பம் நடத்திவிடலாம் என்று அந்த மாட்டிடம்தான் கற்றேன். கற்று என்ன செய்ய?

மணி பறந்தான். மற்றவர்களின் மாட்டுவண்டி ஊரைத் தாண்டுவதற்குள் அவன் சந்தையில் கூடைகளை இறக்கியிருப்பான். கரையில் வலைக்காரர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். திரும்பும் வழியில் எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பான். எங்கள் வீடு சைவம் என்பதால் மீன் தரமாட்டான். இளநீர்க் குலையை இறக்கி வைப்பான். ஜீப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். பின்தண்டைக் கழற்றி முன்சக்கரத்தில் ஓட்டுகிற வித்தையையெல்லாம் அவனுக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எதற்காக அதைக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் ஹாரன் கேட்கவில்லை. அவனே இறங்கி வந்தான்.

"மக்கா, வண்டி அழுவுது."

மரத்தூளின் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவனோ என்னைச் சந்தேகப்பட வரவில்லை. உதவி கேட்க வந்திருந்தான். "ஒனக்குத்தான அதுக்க பாஷ தெரியும்? என்னன்னு பாரு. கரையில ஆளுவ காத்துக் கிடக்காவ."

பார்த்தேன். எங்கிருந்து தொடங்கினேன்? முன்சக்கரத்திலிருந்து! சக்கரங்களைக் கழற்றினேன். பேரிங்கைத் துடைத்துப் பூட்டினேன். ஓட்டினோம், அழுதது. முன்தண்டின் மூட்டுகளைக் கழற்றினேன். பூட்டினேன். அழுதது. இரும்புக் கம்பியின் ஒரு நுனியை கியர் பெட்டியிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அவன் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றான். என்ன நினைத்து இதையெல்லாம் செய்தேன்? அவன் சலித்துப்போய் வேறு யாரிடமாவது கொண்டு போவான், அந்த மூடியைத் திறக்கும்போது நான் அங்கே இருக்கவேண்டாம் என்றுதான்.

அவன் சலிக்கவில்லை. நாட்கள் போயின. ஒருநாள் அவனாகச் சொன்னான்: "மக்கா, பின்தண்டக் கழத்திட்டு முன்சக்கரத்துல ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்னு சொல்லுவியே, அதச் செஞ்சா என்ன?"

என் வித்தை. என் வாயால் சொன்னது.

கழற்றி ஓட்டினோம். சத்தம் இல்லை. மணி துள்ளினான். "பின்னச்சு! பாத்தியா, பின்னச்சுதான்!" நான் சுங்கான்கடை ரோட்டில் கத்திய அதே கத்தல்.

மூடியை அவன்தான் திறந்தான். எண்ணெய் ஒழுகவில்லை. கறுப்பாக, எள்ளுப் பிண்ணாக்கு மாதிரி ஒன்று கட்டியாக விழுந்தது. எடுத்து விரலில் தேய்த்தான். முகர்ந்தான்.

"இது மரத்தூளுல்லா?"

"ஆமா."

"எவனோ வேணும்னே அடைச்சிருக்கான், மக்கா." விரலை வேட்டியில் துடைத்தான். பிறகு முகம் சிவந்து என் பக்கம் திரும்பினான். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

"அந்தப் பட்டாளத்துக்காரப் பாவி ஒங்க மாமாவ ஏமாத்திப்புட்டாம் பாத்தியா? இத்தன வருசமா நீயும் இந்தப் பொட்ட வண்டியில ஏறிட்டு மலையெல்லாம் போயிருக்க! என்னத்துக்காவது ஆகியிருந்தா?"

என் உயிருக்காக அவனுக்குக் கோபம் வந்திருந்தது.

அந்த நிமிடத்திலாவது சொல்லியிருக்கலாம். "ஆமா மக்கா, ஏமாத்திட்டான்" என்றேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய்யை வாலிபம், அவசரம், அப்பாவின் வயல் என்று ஏதாவது சொல்லித் தாண்டிவிடலாம். இந்த இரண்டாவது பொய்யைத் தாண்டுவதற்கு எனக்கு ஒரு பாலமும் கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்துப் பழைய இரும்புக் கடைகளில் நானே அலைந்தேன். வேறொரு பட்டாளத்து ஜீப்பிலிருந்து கழற்றிய கிரவுனும் பினியனும் கிடைத்தன. செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அதை அவன் ஊர் முழுக்கச் சொன்னான். "கூட்டாளின்னா இவனாக்கும்! வித்த வண்டிக்குச் சொந்தக் காசு போடுகான்!"

இருவரும் சேர்ந்துதான் பொருத்தினோம். இரண்டு பல்சக்கரமும் சரியாகக் கடிக்கவேண்டும். அதிகம் நெருங்கினால் அழும், விலகினால் உதறும். இடையில் காகிதம் மாதிரித் தகடுகளை வைத்து, எடுத்து, வைத்து... பல் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்க்கப் பல்லில் ஏதாவது பூசிச் சுற்றவேண்டும். நான் சுண்ணாம்பைத் தேடினேன். மணி வீட்டுக்குள் போய்த் தன் நாமக்கட்டியிலிருந்து கொஞ்சம் உரசி, எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தான்.

"இத பூசு. அய்யாவுக்க மண்ணு பொய் சொல்லாது கேட்டியா?"

பூசினேன். சுற்றினோம். வெள்ளையில் கறுப்பாகத் தடம் விழுந்தது. முதலில் ஓரத்தில். தகடு மாற்றியதும் நடுவில், பொட்டு வைத்ததுபோல. அதுதான் சரியான இடம். அவன் என் முதுகில் அடித்தான். நான் குனிந்து, பல்லில் இருந்த நாமத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.

வண்டி சரியாயிற்று. கரை சரியாகவில்லை. நாங்கள் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த நாட்களில், இன்னொருவன் வேனைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தி, மணலுக்குள் தலைச்சுமைக்கு ஆள் வைத்து மீனை எடுக்கத் தொடங்கியிருந்தான். வலைக்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? மணிக்கு ஓட்ட மாடும் இல்லை. "மாட்டைத் திருப்பி எடுத்துக்கோ" என்று கெஞ்சினேன். "கயிறு மாறின மாட்டப் பிடிச்சா எனக்க அப்பன் கனவுல வந்து சாத்துவான்" என்று சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு தேங்காயும் கதம்பை என்கிற தேங்காய்மட்டையும் ஏற்றிக் காலம் தள்ளினான். கரை அவன் கைக்குத் திரும்பவே இல்லை. எங்கள் வாசலில் ஹாரன் மட்டும் நிற்கவில்லை. இளநீரும் நிற்கவில்லை.

நாங்கள் தமிழ்நாட்டோடு சேரப்போகிறோம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம். ஒரு மீன் லாரியில் பங்கு சேர மணிக்கு வாய்ப்பு வந்தது. ஜீப்பை விற்றால் சேர்ந்துவிடலாம். மறுபடியும் கரை. குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர்த்தோட்டக்காரர் வந்து ஓட்டிப் பார்த்தார். "கொள்ளாம், நல்ல வண்டி" என்றார். விலை படிந்துவிட்டது. பூதலிங்கம் அண்ணாச்சி வந்து, மறுபடியும் முன்கம்பியில் கயிறு கட்டினார். மணி என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு குற்றம் சொன்னான்.

"பின்னச்சு ஒருதடவ போயி மாத்தினது. பட்டாளத்துக்காரன் ஒருத்தன் மரத்தூள அடைச்சு ஏலத்துல தள்ளியிருந்தான். பாவம், இவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவன்தான் பிறவு ஊரூரா அலஞ்சு, சொந்தக் காசு போட்டுச் சரிபண்ணித் தந்தான். இப்பிடி ஒரு மனுசன நீங்க எங்கயும் பாக்க முடியாது, கேட்டியளா?"

குற்றம் சொல்லவேண்டிய இடத்தில் எனக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பட்டாளத்துக்காரன் இல்ல" என்றேன். "மரத்தூள் போட்டது நான்தான்."

அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "தம்பி, வெயிலு கூடிப் போச்சு, உள்ள போயி இரும்" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

ரப்பர்க்காரர் என்னைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். "ஒரு வண்டிக்கு ரெண்டுபேரு ரெண்டு கத சொல்லுதியோ. இன்னும் எத்தன கத உள்ள கெடக்கோ? எனக்கு வேண்டாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார். பயனில்லை.

மணியின் கையில் கயிறு அப்படியே இருந்தது. அவன் தலையை உயர்த்தினான்.

"சொல்லாமலும் கெடுத்த. இப்ப சொல்லியும் கெடுத்திட்டியேல, பாவி."

அதை மனசாட்சி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நான்கு வருடம் உறங்கிய மனசாட்சிக்கு, அவன் வியாபாரம் முடிகிற அந்த நிமிடம்தானா விழிக்க வேண்டும்? அவனைத் தனியாகப் பார்த்துச் சொல்ல எத்தனை சாயங்காலங்கள் இருந்தன! அவன் புகழ்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை, பாரத்தை இறக்கினேன். இறக்கிய இடம் அவன் தலை. குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் சுயநலம் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

மணி கயிற்றை அவிழ்த்தான். ஏறி உட்கார்ந்தான். ஜீப் கிளம்பி, தென்னைகளுக்கு நடுவே வளைவு திரும்பி, மறைகிறவரை காது கொடுத்துக்கொண்டு நின்றேன். பின்னச்சில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு சுத்தமாகப் பொருத்தியிருந்தோம்.

லாரிப் பங்கு கைவிட்டுப் போயிற்று. பிறகு எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் "சொகமா?" என்பான். அவ்வளவுதான். மக்கா என்று அதன்பிறகு அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. இப்போது அவனும் இல்லை. இருந்திருந்தால் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதியிருப்பேன்.

அந்த வியாபாரம் கலைந்து சில மாதத்தில் ஜீப்பை மார்த்தாண்டத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்தான். நான் போகவில்லை, பூதலிங்கம் அண்ணாச்சி வந்து சொன்னார். வழக்கம்போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குற்றம் சொன்னானாம்: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. குற்றமெல்லாம் எனக்கு வித்தவனுக்குத்தான்."

மணி வியாபாரத்தில் ஒருநாளும் பொய் சொன்னவன் இல்லை.